சிறு குழந்தைக்கு வீட்டில் வாசித்துக் காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

குழந்தைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டத் தொடங்குபவர்களில் பலர் சில வாரங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "உட்காரவே மாட்டேன் என்கிறது", "பக்கத்தைக் கிழிக்கிறது", "ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறது" என்பார்கள். அவர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து கவனித்தால் வேறொன்று தெரியும். வேலையின் வரிசை மாறியிருக்கும். எழுத்தைக் காட்டுவதில் தொடங்கி, கேள்விகளால் துளைத்து, கடைசியில்தான் கதைக்கு வருகிறார்கள்.

முதலில் குழந்தை கதையைக் கேட்க வேண்டும். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டும். அச்செழுத்துக்கு இடம் அதற்குப் பிறகுதான். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது. பிறந்த சில மாதங்கள் தொடங்கி ஏறக்குறைய ஆறு வயது வரை இது பொருந்தும். வயதுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

புத்தகங்கள் ஐந்தாறு போதும். அவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், முன்னட்டை தெரியும்படி சாய்த்து வையுங்கள். அலமாரியில் நெருக்கி அடுக்கினால் முதுகுப்பக்கம் மட்டுமே தெரியும். எழுத்துத் தெரியாத குழந்தைக்கு அதை வைத்து எது எந்தப் புத்தகம் என்று சொல்ல முடியாது. அட்டைப் படம் கண்ணில் பட்டால் தானே எடுத்துக்கொண்டு வரும்.

நேரத்தை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். குளித்து முடித்ததும், அல்லது மாலை விளையாடிவிட்டு வந்ததும் என்று இருக்கட்டும். "இன்றைக்கு வாசிக்கலாமா, வேண்டாமா" என்று தினமும் யோசிக்க வேண்டியிருந்தால் பழக்கம் நிலைக்காது.

தூங்கும் நேரத்தைப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல நேரம்தான், ஆனால் கண் சொருகும் குழந்தையால் பேச முடியாது. அந்த நேரம் கேட்பதற்கு மட்டும் ஏற்றது. பேசிப் பேசி வாசிப்பதற்குப் பகலில் வேறொரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது. அது அதிரும்போது உங்கள் கண் அரை நொடி அங்கே போகும், குழந்தையின் கண்ணும் கூடவே போகும், கதை அங்கேயே அறுந்துவிடும்.

2. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் ஆண்டில் கெட்டி அட்டைப் புத்தகங்கள், பக்கத்துக்கு ஒரு பெரிய படம், அழுத்தமான நிறங்கள். குழந்தை அதை வாயில் வைக்கும், கடிக்கும். அந்த வயதில் பொருள்களை அறிந்துகொள்ளும் முறையே அதுதான் என்பதால் தடுக்க வேண்டியதில்லை, துடைக்கக்கூடிய புத்தகமாகப் பார்த்து எடுத்தால் போதும்.

ஒன்று முதல் இரண்டரை வயது வரை, ஒரே வரி பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வரும் புத்தகங்கள் நன்றாக எடுபடும். அடுத்து என்ன வரும் என்று குழந்தையால் ஊகிக்க முடிவதால், பேசத் தெரிவதற்கு முன்பே கதையில் கலந்துகொள்கிறது. அதன் பிறகு தொடக்கமும் சிக்கலும் முடிவும் உள்ள சிறு கதைகளுக்குப் போகலாம்.

பக்கத்துக்கு எத்தனை வரி இருக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: குழந்தை படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தின் வரிகள் முடிந்துவிட வேண்டும். வரிகள் மிஞ்சினால் குழந்தை பக்கத்தைப் புரட்டிவிடும். அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புத்தகம் அந்த வயதுக்கு நீளம், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன்போ நூலகத்திலிருந்து எடுப்பதற்கு முன்போ ஒரு பக்கத்தை மெல்லிய குரலில் வாசித்துப் பாருங்கள். உங்கள் நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். படம் அழகாக இருந்து, மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும் புத்தகங்கள் ஏராளம். வாய்க்கு வராத வாக்கியத்தைத் தினமும் வாசிக்க யாராலும் முடியாது.

பொத்தானை அழுத்தினால் ஒலி எழுப்பும் புத்தகங்களும், திரையில் அசையும் புத்தகங்களும் தொடக்கத்தில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மின்புத்தகத்தைப் பார்க்கும்போது பெற்றோரும் சிறு குழந்தைகளும் அச்சுப் புத்தகத்தைப் பார்க்கும்போது பேசியதைவிடக் குறைவாகவே பேசினார்கள். கருவி பேசத் தொடங்கினால் மனிதர்கள் நிறுத்திவிடுகிறார்கள்.

சரளமாக வாசிக்க வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் எழுத்தே இல்லாத படக்கதைகளை அவர்களிடம் கொடுங்கள். படத்தைப் பார்த்து அவர்கள் சொல்லும் கதை குறைந்ததல்ல. பல நேரம் அதில்தான் பேச்சு அதிகம் பிறக்கிறது.

3. முதலில் நீங்கள் தனியாக வாசித்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவுகிறார்கள். பத்து வரிப் புத்தகத்துக்கு எதற்கு ஒத்திகை என்று தோன்றும். ஆனால் முதல் முறை வாசிப்பவரின் கண் எழுத்தை விட்டு அகலாது. குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நீங்கள் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தனியாக வாசிக்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டும்போது திருப்பம் வருகிறது? குழந்தைக்குத் தெரியாத சொற்கள் எவை? மூச்சு முட்டும் நீண்ட வாக்கியம் இருந்தால் அதை எங்கே பிரித்துச் சொல்லலாம்? பயமுறுத்தும் படம் ஏதாவது உண்டா? சொந்தப் புத்தகமாக இருந்தால் அந்த இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், போதும்.

தெரியாத சொல் இரண்டு மூன்று இருப்பது நல்லதுதான். படப் புத்தகங்களில் வரும் சொற்களில் பல, நாம் வீட்டில் பேசும்போது வாயில் வருவதே இல்லை. புதிய சொல் வந்து சேர்வதற்கான வழிகளில் முக்கியமானது இது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் தடுக்கினால் கதை நகராது. அந்தப் புத்தகத்தை ஆறு மாதம் கழித்து எடுங்கள்.

4. உட்காரும் விதம்

பச்சிளம் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் சாய்த்துக்கொண்டு அந்தத் தூரத்தில் புத்தகத்தைப் பிடியுங்கள். அந்த வயதில் படத்தைவிட உங்கள் குரல்தான் வேலை செய்கிறது என்பதால் கை வலிக்கும்வரை தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

உட்காரத் தெரிந்த குழந்தையை மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க முதுகு காட்டி அமர்ந்தால் அதன் கண்கள் உங்களுக்குத் தெரியாது. சற்றுச் சாய்வாக, பக்கவாட்டில் முகம் தெரியும்படி அமர வையுங்கள். குழந்தை படத்தின் எந்த மூலையைப் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்து என்ன பேசுவது என்பதை நீங்கள் முடிவு செய்யப் போகிறீர்கள்.

பக்கம் புரட்டுவது குழந்தையின் வேலை. ஒரு வயதுக் குழந்தைக்குக் கெட்டி அட்டைகூட ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் இருக்கும். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கத்தின் மேல்மூலையை விரலால் சற்றே தூக்கிவிடுங்கள். அந்த இடைவெளிக்குள் குழந்தை தன் விரலை நுழைத்து முழுக் கையாலும் தள்ளும். புரட்டும் அதிகாரம் தன்னிடம் இருக்கும்போது அது எழுந்து போவது வெகுவாகக் குறைகிறது.

5. அட்டையில் தொடங்குங்கள்

அட்டையைக் காட்டுங்கள், தலைப்பையும் எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள், படத்தில் யார் இருக்கிறார் என்று ஒரு வரி. அரை நிமிடம் போதும். நேராக முதல் வரிக்குப் பாய்ந்தால், குழந்தையின் மனம் இன்னும் பொம்மையிடம் இருக்கும்போதே கதை தொடங்கிவிடும்.

6. முதல் முறை கதையை முறிக்காமல் வாசியுங்கள்

புதிய புத்தகத்தின் முதல் வாசிப்பில் கேள்வி கேட்காதீர்கள். யார், என்ன ஆயிற்று, எப்படி முடிந்தது என்று குழந்தைக்குக் கதையின் உருவம் முழுதாகக் கிடைக்க வேண்டும். அது கிடைத்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச ஏதாவது இருக்கும்.

தெரியாத சொல் வந்தால் அதே மூச்சில் ஒரு சிறு விளக்கம் சேர்த்துவிட்டு நகருங்கள். "ஆமை அண்ணாந்து பார்த்தது, இப்படித் தலையைத் தூக்கி" என்று நீங்களும் தலையைத் தூக்குங்கள். முடிந்தது. அகராதி விளக்கம் கதையைக் கொன்றுவிடும்.

குழந்தையே இடையில் கேட்டால் கட்டாயம் பதில் சொல்லுங்கள். இந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தத்தான், குழந்தையை அல்ல. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இது பொருந்தாது. அதற்குக் கதையே கிடையாது, படம் படமாகப் பெயர் சொல்லிக்கொண்டு போகலாம்.

7. குரலும் வேகமும்

உங்களுக்கு மெதுவாகத் தோன்றும் வேகத்தைவிடவும் மெதுவாக வாசியுங்கள். வாக்கியம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நாம் வரியிலிருந்து வரிக்குப் போகிறோம், குழந்தையோ கேட்டதைப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலுக்கு நேரம் வேண்டும்.

சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் என்று நடிக்க வராதவர்கள் அதற்காகக் கூச்சப்பட்டே வாசிப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். நடிப்பு தேவையில்லை. குரலைத் தாழ்த்துவதும் நிறுத்துவதும் தெரிந்தால் போதும். திருப்பம் வரும் பக்கத்துக்கு முன் குரலை இறக்கி, "அப்போது..." என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு பக்கத்தைப் பார்க்கும், பிறகு தானே புரட்டும். கத்தி வாசிப்பதால் ஒருநாளும் கிடைக்காத கவனம் இது.

8. நூல் நடையும் வீட்டுப் பேச்சும்

தமிழில் வாசித்துக் காட்டுபவர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. புத்தகத்தில் "ஆமை குளக்கரைக்குச் சென்றது" என்றிருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அப்படியே வாசித்தால் குழந்தை விழிக்கிறது. பேச்சு வழக்குக்கு மாற்றினால், புத்தகத்தில் இருப்பதை வாசிக்கவில்லையே என்று மனம் உறுத்துகிறது.

இரண்டு வயது வரை தயங்காமல் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். அந்த வயதில் படமும் உங்கள் சொல்லும் ஒன்றோடொன்று பொருந்துவதுதான் முக்கியம்.

அதன் பிறகு படிப்படியாக மாற்றுங்கள். முதலில், திரும்பி வரும் வரியை மட்டும் புத்தகத்தில் உள்ளபடி வாசியுங்கள், மற்றதை உங்கள் பேச்சில் சொல்லுங்கள். சில வாரங்களில் அந்த வரி குழந்தையின் வாயிலேயே வரும். அடுத்து, வாக்கியத்தை உள்ளபடி வாசித்துவிட்டு உடனே வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லுங்கள். மூன்றாவதாக, வாசிப்பது முழுக்க நூல் நடையில், பேசுவது முழுக்க வீட்டுப் பேச்சில் என்று பிரித்துவிடுங்கள். மூன்றரை, நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகள் இந்தக் கட்டத்தை ஏற்றுக்கொள்கின்றன.

எப்போதும் பேச்சு வழக்குக்கு மாற்றியே வாசிப்பதில் இரண்டு இழப்புகள் உண்டு. நீங்கள் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு சொற்களில் சொல்வதால், குழந்தைக்கு மனப்பாடமாகும் வரி என்று ஒன்று இருக்காது. மனப்பாடமான வரிதான் பின்னால் அச்சைப் பார்த்து "இங்கே இதுதான் எழுதியிருக்கிறது" என்று அடையாளம் காண உதவும். மேலும் "சென்றது", "கூறினாள்", "ஆகவே" போன்றவை பள்ளிப் பாடநூலில்தான் முதன்முதலாகக் காதில் விழும். எழுத்துக்கூட்டும் சுமையோடு அறிமுகமில்லாத மொழியின் சுமையும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடும். காதுக்கு முன்பே பழகியிருந்தால் ஒரு சுமைதான்.

வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால், அவரவர் இயல்பாகப் பேசும் மொழியிலேயே வாசிக்கட்டும். தடுமாறும் மொழியில் வாசிப்பவருக்குக் குழந்தையோடு பேசச் சொற்கள் கிடைப்பதில்லை.

9. இரண்டாவது வாசிப்பு முதல்: பேச்சைத் தொடங்குங்கள்

பயன் அதிகம் விளைவது இந்தப் படியில்தான். உளவியலாளர் கிரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வயது முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, படப் புத்தகம் வாசிக்கும்போது குழந்தையைப் பேசவைக்கும் முறையைக் கற்றுத்தந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வாசித்தார்கள். நான்கு வாரத்தில், பேசவைக்கப்பட்ட குழந்தைகள் மொழித் தேர்வுகளில் முன்னே நின்றார்கள். வாசித்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான், விதம்தான் வேறு.

அந்த முறை நான்கு சிறு அசைவுகளில் அடங்கும். பேசத் தூண்டுவது, சொன்னதை ஏற்பது, அதைச் சற்று நீட்டுவது, நீட்டியதைக் குழந்தையைத் திருப்பிச் சொல்லவைப்பது. படத்தில் ஒரு சிவப்புக் குடை காற்றில் பறக்கிறது, கீழே ஆமை அண்ணாந்து பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு இரண்டரை வயது.

"ஆமை எதைப் பார்க்கிறது?" என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள்.

"குடை."

"ஆமாம், குடையைத்தான் பார்க்கிறது. சிவப்புக் குடை பறந்து போகிறது. நீ சொல்லு, சிவப்புக் குடை..."

"சிவப்புக் குடை பறந்து!"

"பறந்து போகிறது. எங்கே போகும்?"

ஒரு சொல்லில் வந்த பதில் நான்கு வரியில் அரை வாக்கியமாக வளர்ந்துவிட்டது. "பறந்து" என்று பாதியில் நின்றதை நீங்கள் தவறு என்று சொல்லவில்லை. சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துக் கொடுத்தீர்கள். திருத்தினால் குழந்தை அடுத்த முறை வாய் திறக்க யோசிக்கும்.

கேட்ட பிறகு காத்திருப்பதுதான் இதில் மிகக் கடினம். வகுப்பறைகளைக் கவனித்த மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாவதையும் 1970-களில் எடுத்துக்காட்டினார். இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மூன்றாவது எண்ணில் உங்களுக்கு வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

எந்த வயதுக்கு எந்தக் கேள்வி? பேச்சு வராத குழந்தையிடம் "பூனை எங்கே?" என்று கேளுங்கள். அது கையால் பதில் சொல்லும். விரல் நீட்டிச் சுட்டுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு 9 முதல் 14 மாதங்களுக்குள் வருகிறது. அது எதைச் சுட்டினாலும் உடனே அதன் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு வயதில் வரியைப் பாதியில் நிறுத்தி முடிக்கச் சொல்வதும், யார், என்ன, எங்கே என்ற கேள்விகளும் பொருந்தும். மூன்று வயதைத் தாண்டியதும் "ஏன்", "அடுத்து என்ன ஆகும்", "உனக்கு இப்படி நடந்ததா?" என்று விரியலாம். கடைசியாகச் சொன்ன வகைதான் எனக்கு மிகப் பிடித்தது. புத்தகத்தில் ஆமை குடையைத் தொலைத்ததைக் கேட்டதும், குழந்தை தன் செருப்பு காணாமல்போன நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கதை அதன் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. அந்த நேரத்தில் "சரி சரி, கதைக்கு வா" என்று இழுக்காதீர்கள். புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைப் பற்றிப் பேசுங்கள்.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறு, பேச்சைத் தேர்வாக மாற்றிவிடுவது. "இது என்ன? இது என்ன நிறம்? எத்தனை இருக்கிறது, எண்ணு பார்க்கலாம்." விடை உங்களுக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும், அதனால் பேச எதுவும் இல்லை. கேள்விக்கு ஈடாக உங்கள் கருத்தையும் வையுங்கள். "எனக்கு இந்த ஆமையைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். பல குழந்தைகள் கேள்விக்குச் சொல்லாத பதிலை இதற்குச் சொல்லும். எல்லாப் பக்கத்திலும் நிறுத்தவும் வேண்டாம். ஒரு புத்தகத்துக்கு நான்கைந்து இடம் தாராளம்.

10. "மறுபடியும்" என்று கேட்டால் மறுபடியும் வாசியுங்கள்

பெரியவருக்கு அலுக்கிறது என்பதற்காகப் புத்தகத்தை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட்டும் உடனிருந்தோரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் சிலர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், மற்றவர்கள் வெவ்வேறு கதைகளைக் கேட்டார்கள். புதிய சொற்கள் இரு பிரிவினரின் காதிலும் ஒரே அளவுதான் விழுந்தன. ஒரே கதையைக் கேட்டவர்களே அவற்றை நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை தெரிந்துவிட்டதால் கவனம் சொல்லுக்குப் போகிறது.

அலுப்பைத் தவிர்க்க ஒவ்வொரு முறையும் உங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதல் சில முறை நீங்கள் வாசிக்கிறீர்கள். பிறகு வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் குழந்தைக்கு விடுங்கள். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் இறுதியில் வருவதால், இது வினைச்சொற்களுக்கு நல்ல பயிற்சி. பிறகு திரும்பி வரும் வரி முழுவதும் குழந்தையுடையது. கடைசியில் புத்தகத்தை அதனிடம் கொடுத்து உங்களுக்குச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். அதற்குள் அடுத்த புத்தகத்தை அதுவே எடுத்துக்கொண்டு வரும்.

வரியைத் தாவிச் சீக்கிரம் முடிக்கும் தந்திரம் வேண்டாம். குழந்தை கண்டுபிடித்துவிடும் என்பது ஒருபுறம். மாறாத சொற்கள் என்ற நம்பிக்கையை உடைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய இழப்பு.

11. எழுந்து ஓடினால், பக்கம் தாண்டினால், கிழித்தால்

ஒரு வயதுக் குழந்தை இரண்டு மூன்று நிமிடம் இருந்தாலே அது முழு அமர்வுதான். எழுந்து போனால் பிடித்து உட்காரவைக்காதீர்கள். நீங்கள் இன்னும் ஓரிரு வரி தொடர்ந்து வாசியுங்கள். விளையாடிக்கொண்டே கேட்கும் குழந்தைகள் பல உண்டு. திரும்பி வந்தால் தொடருங்கள், வராவிட்டால் கோபமின்றி மூடிவிடுங்கள். புத்தகம் என்றால் மடியில் அழுத்திப் பிடிக்கப்படுவது என்ற நினைவு பதிந்துவிட்டால் அதை மாற்ற மாதங்கள் ஆகும்.

பக்கங்களைத் தாண்டிப் புரட்டினால், வந்த பக்கத்தில் இருக்கும் படத்தைப் பற்றிப் பேசுங்கள். கிழித்தால், அதன் முன்னிலையிலேயே ஒட்டுங்கள். "பக்கத்துக்கு வலிக்கும்" என்பது போன்ற பேச்சைவிட, நீங்கள் நாடாவை வெட்டி ஒட்டுவதைப் பார்ப்பது நன்றாகப் பதிகிறது. மெல்லிய தாள் புத்தகங்களை மட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

12. அச்செழுத்தை எப்போது, எப்படிக் காட்டுவது

கதை, பேச்சு இரண்டும் பழகிய பிறகு, ஏறக்குறைய நான்கு வயதில். அதற்கு முன் குழந்தையே எழுத்தைச் சுட்டிக் கேட்டால் சொல்லுங்கள், நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கனடாவின் மேரி ஆன் எவன்ஸும் ழான் செயின்ட்-ஓபினும் 2005-இல் வெளியிட்ட கண் அசைவு ஆய்வில், பெற்றோர் வாசிக்கும்போது குழந்தைகளின் கண் பெரும்பாலும் படத்தில்தான் இருந்தது, எழுத்தின் பக்கம் அரிதாகவே போனது. வாசித்துக் காட்டினாலே எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். எழுத்தைக் காட்டத்தான் வேண்டும், ஆனால் சிறிதளவு.

முதலில் தலைப்பின் கீழ் இடமிருந்து வலமாக விரலை ஓட்டியபடி வாசியுங்கள். சில நாள்களுக்குப் பிறகு, குழந்தைக்கு மனப்பாடமான அந்தத் திரும்பி வரும் வரியின் கீழ் மட்டும். அடுத்து, கதையில் அடிக்கடி வரும் ஒரு பெயரைக் காட்டி, "இந்தப் பக்கத்தில் 'ஆமை' எங்கே எழுதியிருக்கிறது?" என்று தேடச் சொல்லுங்கள். குழந்தையின் பெயரில் வரும் முதல் எழுத்து கண்ணில் பட்டால் அதையும் காட்டுங்கள்.

விரலை எழுத்தெழுத்தாக நிறுத்தாமல் முழுச் சொல்லின் கீழும் ஓட்டுவது முக்கியம். தமிழில் "கெ", "கே", "கை" போன்றவற்றில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ", "கோ" வந்தால் ககரத்துக்கு இரு பக்கமும் குறிகள். விரலால் துண்டு துண்டாகத் தொட்டுக் காட்டினால், கேட்கும் ஒலியும் தொடும் வடிவமும் பொருந்தாமல் குழந்தை குழம்பும். 247 எழுத்துகளையும் பட்டியலாகச் சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. அதை வேறு நேரத்தில், வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நேரத்துக்குள் அது நுழைந்தால் கதை வெளியேறிவிடும்.

ஒரு வாசிப்பில் அச்சைக் காட்டுவது இரண்டு மூன்று முறைக்கு மேல் போக வேண்டாம்.

13. எப்படி முடிப்பது

குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றிருக்கும்போதே முடிப்பது நல்லது. "இதற்குப் பிறகு ஒன்று, பிறகு தூக்கம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று மூடினால் அழுகைதான். கடைசிப் புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். முடிந்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்காதீர்கள். நான்கு வயதில் அதற்கு விடை கிடையாது, கேட்கக் கேட்கக் கதை என்றாலே பாடம் என்றாகிவிடும். புத்தகத்தை அதன் இடத்தில் வைக்கும் வேலையையும் குழந்தையிடமே கொடுங்கள், நாளை எங்கே தேடுவது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு தொடருங்கள்.

14. குழந்தை தானே வாசிக்கத் தொடங்கிய பிறகு

எழுத்துக்கூட்டி வாசிக்க வந்ததும் பெரும்பாலான வீடுகளில் வாசித்துக் காட்டுவது நின்றுவிடுகிறது. நிறுத்த வேண்டாம். ஆறு வயதுக் குழந்தையால் தானே வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கதையைவிட, காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய கதை மிகப் பெரியது. அது வாசிக்கும் இரண்டு வரிக் கதைகள் அதன் அறிவுக்குச் சலிப்பூட்டும். நீளமான, சுவையான கதையை நீங்கள் வாசித்தால்தான் வாசிக்கக் கற்பதற்கான ஆசை தணியாமல் இருக்கும்.

நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் குழந்தை தனக்கு எளிதான ஒரு பக்கத்தை வாசிக்கட்டும், பிறகு நீங்கள் பெரிய கதையின் ஓர் அத்தியாயத்தை வாசியுங்கள். வரிசையை மாற்றாதீர்கள், சுவையான கதைக்கு நடுவில் தட்டுத்தடுமாறி வாசிக்கச் சொன்னால் இரண்டும் கெடும். குழந்தை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்தாறு சொற்களில் நின்றால், அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசிக்கும் புத்தகங்களோடு சேர்த்துவிட்டு, குழந்தைக்கு இன்னும் எளிதான ஒன்றைக் கொடுங்கள்.